விளையாடுறவன் வேற, 'கேமர்' வேற

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர் தலைப்பைக் கேட்டார். 'கேமர் என்று அழைக்கப்படுவதன் அரசியல்' என்றேன். "நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடுன்னு பேச ஆயிரம் கெடக்கு, செல்போன் விளையாட்டப் பத்தியா?" என்று சிரித்தார். சிரிப்பது நியாயம்தான். ஆனால் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன். காலனிப் பிள்ளைகள் ராத்திரி ஒரு மணிக்கு எங்கே இருக்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், என்ன வசவு வாங்குகிறார்கள் என்பது அவன் அப்பன் ஆத்தாளைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். போன் டிஸ்பிளே போனால் என்னிடம்தானே வர வேண்டும்.

ஒரு பெயரை யார் வைக்கிறார்கள், யாருக்கு வைக்கிறார்கள், யாருக்குத் தர மறுக்கிறார்கள் என்று கேட்பது நமக்குப் பழகிய வேலை. மதராஸ் அரசு 1922ல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது, அதற்கு முன்னால் நம் தலைவர்கள் எத்தனையோ மனுக்கள் போட்ட பிறகு. 1938ல் பம்பாய் சட்டசபையில் நம் மக்களை 'ஹரிஜன்' என்று சட்டத்திலேயே எழுதப் போனபோது அம்பேத்கரும் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்காரர்களும் சபையை விட்டு வெளிநடப்பு செய்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவனுக்குப் பெரும்பாலும் நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கும். அதனால்தான் இந்தச் சின்னச் சொல்லையும் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம் என்கிறேன்.

முதலில் சட்டப் புத்தகம். நம்ம ஊரில் 'கேமிங்' என்ற இங்கிலீஷ் சொல் செல்போனோடு வந்ததில்லை, போலீஸ் ஸ்டேஷன் வழியாக வந்தது. 1930ஆம் வருஷத்து மதராஸ் கேமிங் சட்டம் இன்றைக்கும் தமிழ்நாடு கேமிங் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே 'கேமிங்' என்றால் சூதாட்டம். சேரிப் புளியமரத்தடியில் நாலு பேர் துண்டை விரித்து 'உள்ளே வெளியே' ஆடினால் ஜீப் வரும், சீட்டுக்கட்டும் சில்லறையும் 'கைப்பற்றப்பட்டது' என்று எழுதுவார்கள், மறுநாள் பேப்பரில் நாலு பேர் பெயரும் வரும். அதே காலத்தில் ஊருக்குள் மனமகிழ் மன்றங்களில் ஏசி அறையில் ரம்மி நடந்தது. செகந்திராபாத்தில் அப்படி ஒரு கிளப்பின் மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1967ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, ரம்மிக்கு மூளை வேண்டும்தான். புளியமரத்தடியிலும் ரம்மி ஆடினார்களே, அந்த மூளைக்கு 'திறமை' என்று பட்டம் கொடுக்க எந்த வக்கீல் வந்தான் என்றுதான் கேட்கிறேன்.

அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் வளர்ந்தன. நடிகர்களை வைத்து விளம்பரம். பணம் கட்டி ஆடுகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளேயர்', 'கேமர்'. நம் ஊரில் கடன்பட்டுத் தூக்கில் தொங்கியவர்களின் செய்திகளை எல்லாரும் படித்தோம். 2021ல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் சட்டசபை மறுபடியும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் கையெழுத்து வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்கவிட்டது, ரம்மியையும் போக்கரையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, 'இ-ஸ்போர்ட்ஸ்' என்பதைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்துச் சட்டம் போட்டது. ஆக, ஒரே சொல் சூதாடியையும் குறிக்கும், விளையாட்டு வீரனையும் குறிக்கும். எது எப்போது என்பதை ஆட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஆடுகிற இடமும் ஆடுகிற ஆளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2024 ஏப்ரலில் பிரதமர் ஏழு கேமர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார், கூடவே விளையாடியும் பார்த்தார். அந்த வீடியோவை என் கடையில் நின்றுகொண்டே பார்த்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, இதத்தான நானும் பண்றேன், எங்க அப்பா ஏன் செருப்பால அடிக்கிறாரு?"

சரி, இப்போது நாம் சொல்கிற அர்த்தத்தில் 'கேமர்' எங்கே பிறந்தான்? அமெரிக்காவில், கடைத்தெருவில். 1972ல் அட்டாரி கம்பெனியின் 'பாங்' வந்தது. ரெண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். (அதே 1972ல்தான் பம்பாயில் தலித் பேந்தர்கள் கிளம்பினார்கள். ரெண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்கு வருஷங்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிடிக்கும்.) அது சாராயக் கடையில் நின்ற பெட்டி. ஆம்பளை பொம்பளை எல்லாரும் காசு போட்டு ஆடினார்கள். 1980ல் ஜப்பானில் 'பேக்-மேன்' செய்த டோரு இவாடானி, பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்ததாகச் சொன்னார். 1982ல் வந்த 'ரிவர் ரெய்ட்' விளையாடியிருப்பீர்கள், ஆற்றுக்கு மேலே விமானம் போகும், கப்பலைச் சுட வேண்டும், நடுவில் பெட்ரோல் பிடிக்க வேண்டும். அதை எழுதியவர் கேரல் ஷா என்ற பெண்.

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றி நின்று பேச வேண்டும். ஜெர்ரி லாசன். கறுப்பர், நியூயார்க்கில் வளர்ந்தவர். நம் வயசுக்காரர்களுக்கு 'கேசட்' ஞாபகம் இருக்கும். டிவி கேமில் சொருகுவோமே, ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதி மறுபடி சொருகுவோமே, அந்த கேசட். அதற்கு முன்னால் வீட்டுப் பெட்டிக்குள் என்ன ஆட்டத்தை வைத்து விற்றார்களோ அதை மட்டும்தான் ஆட முடியும். ஆட்டத்தைத் தனியாகக் கழற்றி மாட்டலாம் என்று ஆக்கிய முதல் பெட்டி 1976ல் ஃபேர்சைல்டு கம்பெனி கொண்டுவந்த 'சானல் எஃப்'. அந்தக் குழுவுக்குத் தலைமைப் பொறியாளர் லாசன். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆசிரியை ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் படத்தை மாட்டிவைத்தாராம். கார்வர் அடிமையாகப் பிறந்து பெரிய வேளாண் விஞ்ஞானி ஆனவர். 'நீயும் இப்படி ஆகலாம்' என்று சொன்ன அந்த ஆசிரியையை லாசன் கடைசிவரை மறக்கவில்லை. அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டினால் அதைக் கழற்றச் சொல்லிப் பஞ்சாயத்து வைக்கிற ஊரிலிருந்து வருகிறவர்கள் நாம், நமக்கு அந்தப் படத்தின் அருமை தெரியும்.

லாசனின் பெட்டி பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருஷமே அட்டாரியின் பெட்டி வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. கேசட் என்றாலே அட்டாரி, அப்புறம் நின்டெண்டோ என்று ஆனது. லாசனை அந்தத் தொழில்காரர்களின் சங்கம் கூப்பிட்டு மரியாதை செய்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதமே இறந்துபோனார். ஒரு நேர்காணலில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்: தன் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் நேரில் பார்த்ததும் அதிர்ந்துபோவார்களாம். கறுப்பன் குரல் இப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு அச்சு வைத்திருக்கிறார்கள் அல்லவா.

1983ல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1985ல் நின்டெண்டோ உள்ளே வந்தபோது, 'வீடியோ கேம்' என்று சொன்னால் கடைக்காரன் வாங்கமாட்டான் என்று, ஒரு ரோபோ பொம்மையைச் சேர்த்துப் பொம்மையாக விற்றது. பொம்மைக் கடையில் பையன்களுக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. இது பையன் வரிசைக்குப் போனது. 1989ல் கையடக்கப் பெட்டி வந்தது, பெயரே 'கேம் பாய்'. அப்புறம் பத்திரிகை, விளம்பரம், போட்டி எல்லாம் அந்தப் பையனை நோக்கியே. அந்தப் பையன் யார்? வெள்ளை, நடுத்தர வர்க்கம், தனி அறை, தனி டிவி உள்ளவன். அவனுக்கு விற்கத்தான் 'கேமர்' என்ற அடையாளம் கட்டமைக்கப்பட்டது. கடைக்காரன் தன் வாடிக்கையாளனுக்குக் கட்டிய பட்டத்தை அவன் தன் குலப்பெயர் என்று நம்பிவிட்டான். நான் இதைக் கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் பொய் சொல்லவில்லை.

இதைக் கணக்கில் பார்க்கலாம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2015ல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. வயது வந்தவர்களில் 49 சதவீதம் பேர் வீடியோ கேம் விளையாடுகிறார்கள். ஆண்களில் 50, பெண்களில் 48. கிட்டத்தட்ட சமம். 'நீங்கள் உங்களை கேமர் என்று சொல்லிக்கொள்வீர்களா?' என்ற கேள்விக்கு மொத்தத்தில் 10 சதவீதம்தான் ஆமாம் என்றார்கள். ஆண்களில் 15, பெண்களில் 6. விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்று 60 சதவீதம் பேர் நம்பினார்கள், அதில் பெண்களும் உண்டு! தான் விளையாடிக்கொண்டே, 'விளையாடுறது நான் இல்ல' என்கிறாள். உழுது நட்டு அறுக்கிற பொம்பளையை 'விவசாயி' என்று எந்தப் பதிவேடாவது எழுதியிருக்கிறதா? அதே கதைதான். என் அம்மா கொரோனா ஊரடங்கு நேரத்தில் பிடித்த 'லூடோ கிங்'கை இன்னும் விடவில்லை. தினமும் ரெண்டு மணி நேரம். அந்தக் காலத்தில் தாயத்தில் ஊரையே ஜெயித்த கை. அவரை கேமர் என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அதே கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தன்னை கேமர் என்று சொல்லிக்கொண்டவர்கள் வெள்ளையரில் 7 சதவீதம், கறுப்பரில் 11, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 19. விளம்பரத்தில் இருந்தவன் வெள்ளைப் பையன், பெயருக்கு உரிமை கொண்டாடியதில் முன்னால் நின்றவர்கள் மற்றவர்கள். பெயர் வைத்தவன் நினைத்தபடியே பெயர் நடந்துகொள்வதில்லை. இதை நான் ரொம்ப யோசித்தேன். 'தலித்' என்ற சொல்லுக்கும் நொறுக்கப்பட்டவன் என்றுதானே பொருள். எடுத்துக் கையில் பிடித்தவுடன் அதற்கு வேறு கனம் வந்துவிடவில்லையா?

ஆனால் பட்டத்தைச் சொந்தம் கொண்டாடியவன் அதைச் சும்மா விட்டுக் கொடுப்பானா? 2014 ஆகஸ்டில் அங்கே 'கேமர்கேட்' என்று ஒன்று கிளம்பியது. சின்னதாக ஆட்டங்கள் தயாரித்த ஒரு பெண்ணின் மேல் அவருடைய முன்னாள் காதலன் எழுதியதில் ஆரம்பித்தது. பத்திரிகை தர்மம் என்று வெளியே சொன்னார்கள். உள்ளே நடந்தது பெண்களை விரட்டுவது, வீட்டு முகவரியை ஊருக்குச் சொல்வது, கற்பழிப்பேன் கொல்வேன் என்று மிரட்டுவது. ஆட்டங்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்து வந்த அனிதா சர்க்கீசியன் அந்த அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். பேசினால் சுட்டுத் தள்ளுவேன் என்று மிரட்டல் வந்தது. கூட்டத்துக்குத் துப்பாக்கியோடு வருகிறவர்களைத் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றது போலீஸ். அவர் கூட்டத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. 'இது எங்க இடம், நீங்க யாரு உள்ள வர?' என்பதைத் தவிர அந்தக் கலவரத்தில் வேறு கொள்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோதும் நமக்கு இதே கேள்விதான்.

அப்புறம் குரல். 2002ல் 'எக்ஸ்பாக்ஸ் லைவ்' வந்ததும் விளையாடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே ஆடலானார்கள். கிஷோனா கிரே என்ற கறுப்பின ஆய்வாளர் அங்கே கறுப்பினப் பெண்களோடு சேர்ந்து விளையாடி, பேசி, எழுதியிருக்கிறார். வாயைத் திறக்காதவரை எல்லாரும் ஒன்றுதான். மைக்கைப் போட்டு ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்தே நிறமும் பாலினமும் கண்டுபிடித்து வசவு ஆரம்பிக்கும். சிலர் மைக்கையே அணைத்துவிட்டு ஆடினார்கள். சிலர் தங்களுக்குள் தனிக் குழு கட்டிக்கொண்டார்கள். லாசன் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

இதை அப்படியே நம்ம ஊருக்கு எடுத்து வருகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவானது. 2017ல் சிங்கப்பூர் கம்பெனி ஒன்று 'ஃப்ரீ ஃபயர்' விட்டது. 2018ல் 'பப்ஜி மொபைல்' வந்தது. ரெண்டும் ஒரே மாதிரி ஆட்டம், தீவில் இறங்கிக் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். பப்ஜியில் நூறு பேர், ஒரு ஆட்டம் அரை மணி நேரம் போகும், நல்ல போன் வேண்டும். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிஷத்தில் முடியும், மட்டமான போனிலும் ஓடும். நான் சர்வீஸ் கடைக்காரன், எனக்கு இது தினசரிப் பாடம். ரேம் கம்மியான, மூணு கை மாறிய, ஓரத்தில் கண்ணாடி விரிந்த போன் வருகிறதா, உள்ளே ஃப்ரீ ஃபயர் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஒரு போன், அதை மூணு பேர் பங்கு போட வேண்டும். பத்து நிமிஷ ஆட்டம்தான் கட்டுப்படியாகும். (பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடையாது. போனைச் சரிசெய்ய வருகிற தங்கச்சிகள் அம்மாவோடுதான் வருகிறார்கள், லாக் நம்பர் அண்ணனுக்குத்தான் தெரியும்.)

இந்த ரெண்டு ஆட்டத்துக்கும் இடையில் ஒரு கோடு விழுந்தது. பப்ஜி ஆடுகிறவன் 'கேமர்'. ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவன் 'சப்ரி'. இந்த வசவு வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் 'சப்பர்' என்றால் கூரை. கூரை வேய்ந்து பிழைத்த மக்களை ஒட்டிய சொல், இன்றைக்கு முடிக்குச் சாயம் அடித்த, மலிவு ஜீன்ஸ் போட்ட, பைக்கில் மூணு பேராய்ப் போகிற ஏழைப் பையனைக் குறிக்கும் வசவு. நம்ம ஊர்ப் பையன்களும் அர்த்தம் தெரிந்தும் தெரியாமலும் சொல்கிறார்கள். தமிழில் அதற்கு இணையான வசவுகள் என்னென்ன என்று இந்தக் கூட்டத்தில் நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் வாங்கியிருக்கிறோம். யோசித்துப் பாருங்கள்: ரெண்டு பேரும் சுடுகிறார்கள், ரெண்டு பேரும் ஒளிகிறார்கள், விரல் வேகம் ஒன்றுதான். போனின் விலை மட்டும் வேறு. ஆனால் வசவு போனைத் திட்டவில்லை, அவன் கூரையைத் திட்டுகிறது. வர்க்கம் என்று ஆரம்பித்து ரெண்டாவது வார்த்தையிலேயே சாதிக்கு வந்துவிடுகிற நாடு இது.

2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இங்கிலீஷ் பத்திரிகை முதல் எல்லாரும் துக்கம் கேட்டார்கள். அதே ஆட்டம் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் 2021 ஜூலையில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தபோது 'சப்ரி ஒழிஞ்சான்' என்று கேலிப் படங்கள் போட்டார்கள். அதன் 'மேக்ஸ்' வடிவம் தடைக்குள் வராததால் பையன்கள் அதற்கு மாறிக்கொண்டார்கள், அது தனிக்கதை.

என் அக்கா மகன் நன்றாக ஆடுவான். மாமன் என்பதால் சொல்லவில்லை, கடைக்கு வருகிற பிள்ளைகள் அவன் ஆடுவதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். போன வருஷம் ஒரு பெரிய 'கில்டு'வில் சேர்த்துக்கொண்டார்கள். கில்டு என்றால் ஆட்டக்காரர்களின் சங்கம் மாதிரி. ரெண்டு வாரம் நன்றாகப் போனது. ஒரு நாள் ராத்திரி மைக்கில் "எந்த ஊரு?" என்றார்களாம். சொன்னான். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்களாம். இந்தக் கேள்வியை நமக்கு டீக்கடையில், வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு தீவில், கையில் துப்பாக்கியோடு, சாக அஞ்சு நிமிஷம் இருக்கும்போதும் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. பையன் பேச்சை மாற்றியிருக்கிறான். அவர்கள் அவனுடைய இன்ஸ்டாகிராமைத் தேடிப் போயிருக்கிறார்கள். அங்கே நீலச் சட்டையில் பாபாசாகேப் சிலைக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ. மறுநாள் கில்டில் அவன் இல்லை. நீக்குவதற்கு முன்னால் மைக்கில் மூணு பேர் சாதிப் பெயர் சொல்லிப் பேசியதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அவன் சேக்காளி சொன்னான். பையன் ஒரு வாரம் போனைத் தொடவில்லை. அக்காளுக்குச் சந்தோஷம், "புள்ள திருந்திட்டான்" என்றது.

இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விளையாடியே பிழைக்கிறவர்கள். 2004ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்த பிறகு, சீனாவில் கூலிக்கு ஆள் வைத்து நாள் முழுக்க ஆட வைத்து, ஆட்டத்துக்குள் கிடைக்கிற தங்கத்தைச் சேர்த்து மேல்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு நிஜப் பணத்துக்கு விற்றார்கள். வாங்கினவன் கேமர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆடி விற்றவனுக்குப் பெயர் 'சீனாக்காரன்', 'தங்க விவசாயி'. ஆட்டத்தைக் கெடுக்கிறான் என்று அவனைக் கூட்டம் கூட்டமாகத் தேடிக் கொன்றார்கள், ஆட்டத்துக்குள்தான். அதிக நேரம் ஆடுகிறவன்தான் கேமர் என்றால் அவனைவிடப் பெரிய கேமர் யார்? வேலை செய்கிறவனுக்கு வேலையின் பெயர் கிடைக்காது என்பது இங்கே மட்டும் இல்லை போலிருக்கிறது.

2021ல் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்ற வியட்நாம் கம்பெனி ஆட்டம் பிலிப்பைன்ஸில் தீயாகப் பரவியது. கொரோனாவில் வேலை போன சனங்கள். ஆடினால் காசு. ஆனால் ஆட ஆரம்பிக்கவே மூணு 'ஆக்ஸி' பொம்மைகளை விலைக்கு வாங்க வேண்டும், விலை ஏழைக்கு எட்டாது. அதனால் பொம்மை வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடுப்பான், அவன் ஆடுவான், வருகிறதில் ரெண்டு பேருக்கும் பங்கு. பொம்மைக்காரனுக்குப் பெயர் 'மேனேஜர்'. ஆடுகிறவனுக்குப் பெயர் 'ஸ்காலர்'! இங்கே தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர்கள் இருக்கிறீர்கள். மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்களை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிராசுதார் நிலத்தை வைத்திருந்தார், இவன் பொம்மையை வைத்திருக்கிறான். 2022 மார்ச்சில் அந்த ஆட்டத்தின் கணக்கிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. அதற்கு முன்பே ஆட்டக் காசின் மதிப்பு விழத் தொடங்கியிருந்தது. கடைசியில் கையில் செல்லாக் காசோடு நின்றதில் 'ஸ்காலர்'கள்தான் அதிகம்.

இப்போது சில தோழர்கள் கேட்பீர்கள்: சரி, அப்ப நம்ம புள்ளைங்க இந்தப் பெயரைக் கேட்டு வாங்கணுமா, வேண்டாம்னு தள்ளணுமா? ரெண்டு கட்சியும் நமக்குள்ளேயே உண்டு. 'இது முதலாளி கட்டிய பொம்மைக் கிரீடம், இதுக்குப் போயி சண்டை போடுவீங்களா' என்பது ஒரு கட்சி. எனக்கு அது உடன்பாடில்லை. கோயிலுக்குள் சாமி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விவாதம், வாசலில் நிறுத்தினால் நுழையத்தான் வேண்டும். அதே சமயம், நம் பையன் பெரிய போன் வாங்கி, அடுத்தவனைப் பார்த்து 'சப்ரி' என்று சொல்லிக் கேமர் ஆவான் என்றால் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். அப்படி ஆனவர்களையும் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிரே எழுதிய பெண்கள் மாதிரித் தனிக் குழு கட்டலாம். என் அக்கா மகன் இப்போது அதைத்தான் செய்திருக்கிறான். காலனியில் ஏழு பேர், பக்கத்து ஊர் மசூதித் தெருவில் நாலு பேர், ஒரு தங்கச்சி. அவள் மைக் போடமாட்டாள், எழுத்தில்தான் பேசுவாள், ஆனால் குறி தப்பாது. கில்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கூரை'. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். சட்டம் படிக்கிற மாணவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இல் 'ஆர்', 'எஸ்' என்ற ரெண்டு உட்பிரிவுகள் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. ஆனால் அது 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது அதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொன்னது. இணையத்தில் போட்ட வீடியோவில் இழிவுபடுத்தினால், பாதிக்கப்பட்டவர் அங்கே நேரில் இல்லாவிட்டாலும் அது பொது இடம்தான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ல் சொன்னது. நாலு பேர் மட்டும் கேட்கிற குழுக் குரலை 'நாலு சுவர்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவான். ஆனால் இப்போது பாதிப் பேர் ஆட்டத்தை யூட்யூபில் நேரலையாக விடுகிறார்கள், ஐநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அந்த வாதம் எடுபடுவது கஷ்டம். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: ஸ்கிரீன் ரெக்கார்டரைப் போட்டு வைத்து ஆடட்டும், போனில் இருக்கிற மைக் ஒலியும் பதிவாகிற மாதிரி அமைப்பில் மாற்றிக்கொள்ளட்டும், ஆட்டக்காரனின் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்கட்டும். அந்த அமைப்பை மாற்றத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்து என்னிடம் போனைக் கொடுங்கள், காசு வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்குப் போகலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் தோழர்கள் முதலில் கேட்கட்டும்.